மூன்றாம் பந்தியில் ரசம் இல்லை

ஏப்ரல் 2, வியாழன்

உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாக என் மனைவி சம்பூர்ணம் இதை மிக்சிக்கு அடியில் வைத்திருந்தாள். இன்று எடுத்துத் துடைத்தேன். மிக்சி ஆடுகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் இன்னொன்று கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

காரியம் இதுதான். கோபி கிளை நூலகத்திலிருந்து நூலகர் பரிமளா போன் செய்தார். வாசகர் வட்டத்தில் மே பத்தாம் தேதி நான் பேச வேண்டுமாம். ‘வலைப்பூ எழுதுவதால் தனிமனிதருக்கு உண்டாகும் நன்மைகளும் தீமைகளும்.’ நன்மைக்குப் பத்து நிமிடம், தீமைக்குப் பத்து நிமிடம். குறிப்புகளை இதில் எழுதிக்கொண்டு வரலாமென்று இருக்கிறேன்.

ஒன்பது வருடமாக ‘இலையோரம்’ என்ற வலைப்பூவை நடத்துகிறேன். போகிற கல்யாணத்துச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவேன். மண்டபம், தேதி, எத்தனை இலை விழுந்தது, எது எந்தப் பந்தியில் தீர்ந்தது, எல்லாம் இருக்கும். குடும்பத்தின் பெயர் மட்டும் இருக்காது. அதை வாசகர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

நன்மை 1: எங்கே போனாலும் வாசகர்கள் இருக்கிறார்கள். போன ஆவணியில் என் தங்கை மயிலாத்தாள் தன் மூத்த பெண் கோகிலாவுக்கு அந்தியூரில் கல்யாணம் செய்தாள். அங்கே மட்டும் ஐம்பது பேராவது என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்கள். ஒரே நாளில், ஒரே மண்டபத்தில். ஆச்சரியமாக இருந்தது.

தீமை 1: கண் எரிச்சல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது, மயிலாவின் இளைய பெண் மோகனப்பிரியாவுக்கு ஜூன் நாலாம் தேதி கல்யாணமாம். சம்பூர்ணம் பாலை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பாலைப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தது.

எங்கள் பக்கம் பத்திரிகையை முதலில் குலதெய்வத்துக்கு வைப்பார்கள், அடுத்தது தாய்மாமனுக்கு. மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். மயிலாவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தாம்பூலத்தட்டோடு அவள் இங்கே வந்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அவள் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. கோகிலா கல்யாணத்துக்கு மறுநாள் நான் ஒரு சிறு பதிவு எழுதினேன். தலைப்பு: ‘மூன்றாம் பந்தியில் ரசம் இல்லை’. சமைத்தது 500 பேருக்கு, விழுந்த இலை 640, வருகிற கூட்டத்தைக்கூடக் கணிக்கத் தெரியாதவர்கள் ஏன் மண்டபம் பிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். பொதுவான கேள்விதான்.

நான் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போட்டிருக்கிறேன். சொந்த மாமனார் கடைத் தராசே குறைவாகக் காட்டியபோது முத்திரை போடாமல் திருப்பி அனுப்பினேன். தங்கை வீடு என்பதற்காக ரசம் இருந்தது என்று எழுத முடியுமா?

ஏப்ரல் 6, திங்கள்

மயிலா வரவில்லை. நாள் இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

நன்மை 2: சமையல்காரர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. நான் உட்கார்ந்தால் என் இலைக்கு அப்பளம் நொறுங்காமல் வருகிறது.

நன்மை 3: கனடாவில் ஒருவர் ஒப்புட்டுப் போளிப் பதிவைப் படித்துவிட்டு அழுததாக எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார்.

நன்மை 4: சர்க்கரை குறைந்திருக்கிறது. டாக்டர் பாராட்டினார். இந்த மாதம் நான்கு கல்யாணம், ஒன்றுக்கும் நமக்கு அழைப்பு வரவில்லை என்று சம்பூர்ணம் டாக்டரிடமே சொன்னாள். போன வருடம் இதே மாதத்தில் பதினோரு அழைப்பு. அந்த நான்கு வீட்டாரில் இரண்டு பேர் என் பதிவில் வந்தவர்கள், இரண்டு பேர் வந்துவிடுவோமோ என்று பயந்தவர்கள் என்றும் விளக்கினாள். டாக்டர் சீட்டில் எதையோ வெகுநேரம் எழுதினார். அவர் மகனுக்கும் வைகாசியில் கல்யாணம்.

ஏப்ரல் 17, வெள்ளி

சம்பூர்ணம் பாரியூர் கோயிலுக்குப் போயிருந்தாள். அங்கே கோகிலாவைப் பார்த்திருக்கிறாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

கோகிலாவின் மாமனார் என் பதிவைக் கம்ப்யூட்டர் கடையில் தாளில் எடுத்து வைத்திருக்கிறாராம். அந்த வீட்டில் எது குறைந்தாலும், தோசைமாவு தீர்ந்தாலும், குடத்தில் தண்ணீர் தீர்ந்தாலும், மாமியார் “உங்கூட்டு மூணாம் பந்தியாட்டவா?” என்கிறாராம். போன வாரம் விருந்தாளிகள் முன்னால் அந்தத் தாளையே எடுத்துப் படித்திருக்கிறார்கள். எழுதினது பெண்ணின் சொந்த மாமனே, பொய்யா இருக்குமா என்று வேறு.

தாளில் அச்செடுத்துப் படிக்கிறார்கள் என்றால் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றுதான் நான் சொன்னேன்.

“ஏனுங்க,” என்றாள் சம்பூர்ணம், “அந்தப் புள்ள உங்க மடியில உக்காந்து காது குத்திக்கிட்டவ.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சம்பூர்ணம் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. நானே காபி போட்டேன். டிகாக்‌ஷன் போதவில்லை. இதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகை வந்துவிட்டது. மயிலாவும் அவள் கணவரும் நேரில் வந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் மோட்டாரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். சத்தத்தில் கேட்டிருக்காது, கூப்பிட்டிருப்பார்கள் என்று சம்பூர்ணத்திடம் சொன்னேன். மூன்று நாளாக மோட்டார் ஓடவே இல்லை என்பதை அவள் ஞாபகப்படுத்தினாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதே எனக்குப் போதும்.

பக்கத்து வீட்டில் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். ‘தாய்மாமன்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. பெயரைப் போட்டுவிட்டு ஆளை அழைக்காமல் இருக்க முடியுமா என்று நினைத்தேன். முடியும் போலிருக்கிறது. எங்கள் பெரியப்பா மகன் துரைசாமியிடம், அவசியப்பட்டால் பட்டம் கட்ட நீங்கள் வரவேண்டியிருக்கும் என்று மயிலா சொல்லி வைத்திருக்கிறாளாம். துரைசாமிக்குக் கை நடுங்கும். ஊசி நூல் கோர்க்கவே ஆள் வேண்டும்.

பத்திரிகையில் ஒரு அச்சுக் குறையும் இருக்கிறது. எல்லாப் பத்திரிகையிலும் கடைசியில் ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று’ என்று ஒரு வரி வருமே, அது விட்டுப்போயிருக்கிறது. அச்சகக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 25, சனி

அச்சகத்துக்குப் போனேன். குறையில்லை, அந்த வரி வேண்டாமென்று அந்தம்மாவே நின்று எடுக்கச் சொன்னார்கள் என்றார் அச்சகக்காரர். இப்படி யாரும் கேட்டதில்லையாம். எனக்கும் காரணம் புரியவில்லை.

மே 1, வெள்ளி

நன்மை எட்டு சேர்ந்துவிட்டது. தீமையில் இன்னும் கண் எரிச்சல் மட்டும்தான் இருக்கிறது. பத்து நிமிடம் கண் எரிச்சலைப் பற்றிப் பேச முடியாது. பழைய பதிவுகளைப் புரட்டினால் ஏதாவது கிடைக்குமென்று காலையில் உட்கார்ந்தேன்.

போன ஆவணியில் நான் போட்ட பதிவு ஒன்று வந்தது. கோகிலா கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால். பத்திரிகையைப் படம் எடுத்துப் போட்டு, கீழே எழுதியிருக்கிறேன்:

‘எங்கள் வீட்டுக் கல்யாணம். சமையல் அவினாசியப்பன். அவர் ரசத்துக்காகவே வரலாம். வாசக நண்பர்கள் அனைவரும் இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று, சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

எல்லோரும் போடுகிற வரிதான். யார் அதைப் படிக்கிறார்கள்? கீழே பின்னூட்டங்களைப் பார்த்தேன். அப்போது நன்றி, நன்றி என்று பதில் போட்டிருக்கிறேனே தவிர, ஒன்றையும் ஒழுங்காகப் படித்திருக்கவில்லை.

‘கண்டிப்பாக வருகிறோம் ஐயா.’ ‘குடும்பத்தோடு வர்றோம் சார், நாலு பேர்.’ ‘பவானியிலிருந்து நாங்கள் வேன் பிடித்து வருகிறோம், பன்னிரண்டு பேர்.’ ‘ரசத்துக்காகவே வருகிறேன் சார்.’

தாளை எடுத்துக் கூட்டினேன். எண்ணிக்கை சொன்னவர்களை அப்படியே எடுத்துக்கொண்டேன், ‘குடும்பத்தோடு’ என்றவர்களை மூன்று என்று வைத்தேன். மொத்தம் 138.

விழுந்த இலை 640. சமைத்தது 500 பேருக்கு. மிச்சம் 140. இரண்டு பேர் வித்தியாசம் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு.

எனக்கு உடனே உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

அன்று என் கையைக் குலுக்கினவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வேன்காரர்கள் என்னோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள். எங்கே போனாலும் வாசகர்கள் என்று பெருமைப்பட்டேன். நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டுவிட்டு, வந்த கூட்டத்தைக் கணிக்கத் தெரியாதவள் என்று என் தங்கையை ஊரறிய எழுதியிருக்கிறேன்.

சம்பூர்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு, நுணலும் தன் வாயால் கெடும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சொல்லியிருந்தால் தேவலை.

மே 2, சனி

காலை எட்டரை பஸ்ஸில் அந்தியூர் போனேன். அழைக்காத வீட்டுக்குத் தாய்மாமன் தானாகப் போகக் கூடாது என்பது முறை. முறையைப் பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

மயிலா களத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்ணா” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எட்டு மாதம். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் தண்ணீரோடு உள்ளே போய்விட்டன.

“மயிலா, அன்னைக்கு வந்ததுல நூத்தி முப்பத்தெட்டுப் பேரு என்னோட ஆளுக. நான்தான் கூப்பிட்டிருக்கறேன்” என்றேன்.

“தெரியுமுங்ணா.”

எனக்குப் புரியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“அன்னைக்கே தெரியுமுங்ணா. சந்தனம் குடுக்கற எடத்துல நாந்தான நின்னேன். ஒவ்வொருத்தரும் சொல்லிச் சொல்லித்தான் உள்ள வந்தாங்க, உங்கண்ணன் எழுதறதப் படிக்கறமுங்க, அவரு வரச்சொன்னாருங்கன்னு. எங்கண்ணன் கூப்புட்ட சனமாச்சேன்னு அவிகளத்தான் ரெண்டாம் பந்தியில மொதல்ல உக்கார வெச்சனுங்ணா. சம்பந்தி ஊட்டுச் சனம் சீரெல்லாம் முடிச்சுட்டு மூணாவதுல உக்காரட்டும்னு இருந்துட்டேன்.”

மிளகாயைக் கையால் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சொன்னா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமேன்னுதானுங்ணா சொல்லல. நீங்க எழுதுவீங்கன்னு நான் நெனைக்கல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிடக் கனமான சொல் எதையும் தேட நான் தயாரில்லை. ஐம்பத்து மூன்று வயதுத் தங்கையின் முன்னால், மிளகாய் நெடியில், அறுபது வயதுக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நெடியாக இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். நெடி இல்லை.

இன்றைக்கே அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன் என்றேன்.

“அழிக்காதீங்ணா. அவிககிட்டத் தாள் இருக்குது. நீங்க அழிச்சா, நெசமானதால அழிச்சுட்டாங்கன்னு அதுக்கொரு பேச்சு வரும். அரைவாசிதான எழுதியிருக்கறீங்க. மிச்சத்தையும் எழுதுங்க.”

பதினோரு மணி பஸ்ஸில் திரும்பினேன். பத்திரிகை பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கவரில் கால் கிலோ வரமிளகாய் கொடுத்தாள். கால் கிலோவுக்கு மேலேயே இருக்கும்.

மே 3, ஞாயிறு

எழுதினேன். 412 பதிவு எழுதியவனுக்கு இந்த ஒன்றுக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. தலைப்பு: ‘ரசம் ஏன் தீர்ந்தது’. அழைத்தது யார், வந்தது எத்தனை பேர், அவர்களை முதலில் உட்காரவைத்தது யார், அது தெரியாமல் மறுநாள் எழுதினவன் யார், எல்லாம். ஒரு பந்திப் பதிவில் முதல்முறையாகப் பெயர்களும் போட்டேன். என் பெயரையும் மயிலாவின் பெயரையும்.

சம்பூர்ணம் படித்துவிட்டு, ‘அடியேன்’ என்று இரண்டு இடத்தில் இருப்பதை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

மே 5, செவ்வாய்

வருகை 9,300. ‘இலையோரம்’ வரலாற்றில் இதுதான் அதிகம். சந்தோஷப்பட முடியவில்லை.

பின்னூட்டம் 71. பவானி வேன்காரர்: ‘பன்னிரண்டு பேரும் வருத்தப்படுகிறோம் சார். தங்கச்சியம்மா எங்களைச் சொந்தக்காரங்க மாதிரி கவனிச்சாங்க.’ இன்னொருவர்: ‘நான் ரசம் மூன்று முறை வாங்கினேன். மன்னிக்கவும்.’ கனடாக்காரர் மறுபடி அழுதிருக்கிறார்.

மே 7, வியாழன்

கோகிலாவின் மாமனார் போன் செய்தார்.

“படிச்சனுங்க” என்றார்.

“சரிங்க” என்றேன்.

மழை பெய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கேயும் இல்லையாம். வைத்துவிட்டார். பிற்பகலில் கோகிலா அவள் அத்தைக்கு, அதாவது சம்பூர்ணத்துக்கு, போன் செய்தாள். மாமனார் புதுப் பதிவையும் அச்செடுத்து, பழைய தாளோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறாராம். மாமியார் இன்று மாவு தீர்ந்தபோது மாவு தீர்ந்தது என்று மட்டும் சொன்னாராம்.

மே 10, ஞாயிறு

வாசகர் வட்டம். வந்தவர்கள் பத்தொன்பது. நாற்காலிகள் நாற்பது.

நன்மையை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டேன். அப்பளம் நொறுங்காமல் வருவது அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. தீமைக்கு வந்ததும் குறிப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தேன். எழுதுகிறவன் எல்லா இலையையும் எண்ணுவான், தன் இலையை எண்ண மாட்டான் என்றேன். அப்புறம் அந்தியூர் கதையைச் சொன்னேன். பதினைந்து நிமிடம் ஓடியது. யாரும் இருமவில்லை.

முடிவில் ஒருவர் எழுந்து, அப்படியானால் வலைப்பூவை நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டார். நான் அரைவாசி எழுதியதால் வந்த வினை, மிச்சத்தை எழுத வலைப்பூ இல்லாமல் எங்கே போயிருப்பேன் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு இன்னும் பத்திரிகை வரவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மே 13, புதன்

காலை பத்து மணிக்குக் கேட்டைத் திறக்கிற சத்தம். மயிலாவும் அவள் கணவரும். தாம்பூலத்தட்டு அவள் கையில் இருந்தது.

சம்பூர்ணம் பாயை விரித்தாள். மயிலா தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“அண்ணா, நேர்லயே வந்து கூப்படறமுங்க. நீங்களும் அண்ணியும் வரோணும். ரெண்டு பேருங்ணா.” கொஞ்சம் நிறுத்தினாள். “ரெண்டே பேரு.”

அவள் கணவர் கூரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது சம்பூர்ணம். பிறகு மயிலா. சிரித்துக்கொண்டே அழுதாள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். துரைசாமிக்கு இனி வேலை இல்லை.

போகும்போது மயிலா, பந்தி விசாரணை இந்தமுறை அண்ணன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்கவில்லை, சொன்னாள்.

ஜூன் 3, புதன்

வேட்டி, பட்டம், சீர்த்தட்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நாளை மதியம் முதல் எத்தனை இலை விழும் என்று அவினாசியப்பனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் எண்ணைக் கேட்டுவிட்டு அவர் இன்னும் நூறு சேர்த்துக்கொண்டார். நான் ஆட்சேபிக்கவில்லை.

ஜூன் 4, வியாழன்

மோகனப்பிரியாவுக்குப் பட்டம் கட்டினேன். முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது.

பிறகு பந்தி. அப்பளக்கூடையைத் தூக்கிக்கொண்டு, இங்கே சாம்பார், அங்கே மோர் என்று கத்திக்கொண்டு, நான்கு பந்தி நின்றேன். ஒன்பது வருடமாக உட்கார்ந்து பார்த்ததை இன்று நின்று பார்த்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரண்டு சம்பந்தி வீட்டாரையும் முதல் பந்தியில் உட்காரவைத்தேன். கோகிலாவின் மாமனார் எனக்கு இலையோரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

ஐந்தாவது, கடைசிப் பந்தி. மயிலா என் கையிலிருந்த கூடையை வாங்கி வைத்துவிட்டு, என்னைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. ரசம் வந்தது. இருவரும் கையைக் குவித்து வாங்கிக் குடித்தோம். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“ரசம் எப்படீங்ணா இருக்குது?”

உப்பு ஒரு கல் கூடுதல். அடிப்பாத்திரத்து ரசம், சுண்டிப்போயிருந்தது.

“அளவா இருக்குது, அம்மணி” என்றேன்.

முப்பத்தொரு வருட சர்வீசில் செய்யாததை இன்று செய்தேன். தப்பான அளவுக்கு முத்திரை போட்டேன். இன்னொரு கை வாங்கிக் குடித்தேன்.